ஆஃபியா சொல்லாத காரணம்

ஒருவன் ஒரு வகுப்பில் ஏன் சேர விரும்புகிறான் என்பதை அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று முதன்முதலில் நினைத்தவர் யாரோ, அவர் மாணவர்களோடு ஒரு நாளும் பழகியிராதவராகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னவனுக்கு இடம் கிடைத்ததில்லை. இடம் கிடைத்தவன் உண்மையைச் சொன்னதில்லை. இது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவனுக்கும் தெரியும். தெரிந்தே இரு தரப்பினரும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு, முகம் கோணாமல் இந்தக் கூத்தை ஆண்டுதோறும் நடத்துகிறார்கள். இதற்குத் தேநீரும் பிஸ்கட்டும் வேறு.

கணிதத் துறைத் தலைவர் சாம்பசிவன் அந்தக் கூத்தை வெறுத்தார். வெறுத்தபோதிலும், 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதை நடத்தும் பொறுப்பு அவர் தலையிலேயே விழுந்தது.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த அந்தக் கல்லூரி, காலையில் ஒரு கல்லூரி. மாலையில் இன்னொரு கல்லூரி. ஒன்றரை மணிக்குக் காலைப் பிரிவு முடியும். அதே வகுப்பறைகளில், அதே பெஞ்சுகளில், வேறு மாணவர்களோடு மாலைப் பிரிவு தொடங்கும். அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிடும் நாடா காலைப் பிரிவுக்கு நீலம், மாலைப் பிரிவுக்குப் பச்சை. வாயிற்காவலர் தனக்கோடி முகத்தைப் பார்க்கமாட்டார், நாடாவைத்தான் பார்ப்பார். காலைப் பிரிவு முடிந்த மணி அடித்த பிறகு வளாகத்துக்குள் ஒரு நீல நாடாவும் தென்படக் கூடாது என்பது சட்டம். இரண்டு பிரிவினரும் ஒன்றாக இருந்தால் அடிதடி வரும் என்று எந்தக் காலத்திலோ ஒரு முதல்வர் பயந்துபோய்ப் போட்ட சட்டம் அது. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். சட்டம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

இந்த நெருக்கடிக்குள்தான் சாம்பசிவன் பல ஆண்டுகள் போராடி ஹானர்ஸ் திட்டத்தைக் கொண்டுவந்தார். காலைப் பிரிவில் கணிதம் படிப்பவர்களில் தேர்ந்தெடுத்த சிலர் பிற்பகலிலும் தங்கி, ஐந்து மணி வரை கூடுதலாகப் படிப்பார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத கணிதம். தேர்வுக்கு முந்தைய நாள் உருப்போட்டு ஒப்பிக்க முடியாத கணிதம். அப்படித் தங்குபவர்களுக்கு மட்டும் முதல்வர் கையொப்பமிட்ட தனி அட்டை உண்டு. தனக்கோடியும் அவர்களைத் துரத்த முடியாது. கல்விக் குழு வேண்டாவெறுப்பாக ஒப்புதல் தந்தது. தரும்போதே கழுத்தில் ஒரு சுருக்கையும் மாட்டித்தான் தந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் சேர்க்க வேண்டும்; சேர்ந்தவர்களில் ஒரே ஒருவர் ஆண்டு முடிவதற்குள் விலகினாலும் திட்டம் அத்துடன் மூடப்படும்.

"பத்துப் பேர் கிடைக்கிறது பெரிசில்ல சாம்பசிவன்" என்றார் முதல்வர் ஏசுபாதம். "பாதியில ஓடாத பத்துப் பேர் கிடைக்கணும். அங்கதான் உங்க சாமர்த்தியம்."

ஆகவே, யார் எதற்காக வருகிறார்கள் என்பது சாம்பசிவனுக்கு வெறும் சடங்கு அன்று. காரணம் பொய்யாக இருந்தால் ஆள் நிலைக்காது. ஆள் நிலைக்காவிட்டால் திட்டம் நிலைக்காது. அவருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகளே இருந்தன. இது மூடப்பட்டால் இன்னொன்றைத் திறக்க அவருக்குக் காலமும் இல்லை, கல்விக் குழுவுக்கு மனமும் இல்லை.

சந்தேகம் அவருக்குப் புதிதும் அன்று. பல்வலி என்று விடுப்புக் கேட்ட மாணவனை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவர் அவர். பால் பாக்கெட்டின் தேதியைக் கடையில் ஒரு முறையும் வீட்டில் ஒரு முறையும் படிப்பவர். தேர்வறையில் இரண்டு பேர் நண்பர்கள் என்று தெரிந்தால், ஒருவனை இந்த மூலையிலும் மற்றவனை அடுத்த கட்டடத்திலும் உட்கார வைப்பவர். மாணவர்கள் அவருக்குச் சூட்டியிருந்த பெயர் 'சி.பி.ஐ.' அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. வெளியே கோபப்பட்டாலும் உள்ளே அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

நேர்காணல் முதல்வர் அறையில் நடந்தது. நடுவில் ஏசுபாதம், ஒருபுறம் சாம்பசிவன், மறுபுறம் இயற்பியல் பேராசிரியர் கனகவல்லி. எழுத்துத் தேர்வில் தேறிய பன்னிரண்டு பேர் வராந்தாவில் நின்றுகொண்டு, முதலில் போய் வந்தவனைச் சூழ்ந்துகொண்டு, "என்னடா கேட்டாங்க, என்னடா கேட்டாங்க" என்று மொய்த்தார்கள்.

முதலில் போனவன் ஜெபின். நெற்றியில் விபூதி பூசியதுபோல் அப்பிய பவுடர். சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள்.

"நம் நாட்டின் வளர்ச்சிக்குக் கணிதம் முதுகெலும்பு சார். அந்த வளர்ச்சியில் என் பங்கும் ஒரு துளியாக இருக்க வேண்டும் என்பதே என் லட்சியம்."

"எந்த வளர்ச்சியில?" என்று கேட்டார் சாம்பசிவன்.

ஜெபின் விழித்தான். "எல்லா வளர்ச்சியிலயும் சார்."

சாம்பசிவன் அவன் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்தார். புள்ளி என்றால் சந்தேகம்.

பிறகு வந்தவர்களும் மோசமில்லை. சத்யபிரியா என்னும் மாணவிக்குக் கணிதம் சிறுவயதுக் கனவு. ஒருவனுக்கு அது உயிர்மூச்சு. இன்னொருவன் ஆராய்ச்சி செய்து உலகுக்குத் தொண்டாற்றப் போகிறானாம். எந்த ஆராய்ச்சி என்பதை மட்டும் சேர்ந்த பிறகு முடிவு செய்வானாம். புள்ளிகள் பெருகின.

இஃப்ரா உள்ளே வந்தபோது சாம்பசிவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாம் ஆண்டு மாணவி. பல்லாவரத்திலிருந்து ரயிலில் வருபவள். வகுப்பில் அதிகம் பேசாதவள்.

"பகா எண்களுக்கு முடிவே கிடையாதுன்னு போன வருஷம் நிரூபிச்சுக் காட்டினீங்க சார். ஆறே வரி. முடிவே இல்லாத ஒண்ணை ஆறு வரியில எப்படிப் பிடிச்சாங்கன்னு அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல. சிலபஸ்ல அதோட விட்டுட்டாங்க. அதுக்கு மேல என்ன இருக்குன்னு பாக்கணும்."

அவள் பெயருக்கு நேரே அவர் பேனாவை வைக்கவே இல்லை. இத்தனை ஆண்டுப் போராட்டமும் இப்படி ஒரு பிள்ளை என்றாவது ஒரு நாள் வந்து நிற்கும் என்னும் எண்ணத்தில்தானே நடந்தது!

அவளுக்கு அடுத்து வந்தவள் ஆஃபியா. இஃப்ராவின் அத்தை மகள், ஒரே வகுப்பு, கடைசி பெஞ்சு.

"நீ எதுக்கும்மா ஹானர்ஸ் சேரணும்னு நினைக்கிற?" என்றார் முதல்வர்.

"படிக்கத்தான் சார்."

"எல்லாரும் படிக்கத்தான் வர்றாங்க. நீ குறிப்பா எதுக்கு?"

ஆஃபியா ஒரு கணம் மின்விசிறியைப் பார்த்தாள். "மத்தவங்க சொன்னதையே நானும் சொல்லட்டுங்களா சார், இல்ல புதுசா ஏதாவது வேணுமா?"

கனகவல்லி இருமுவதுபோல் கைக்குட்டையை வாய்க்குக் கொண்டுபோனார். சாம்பசிவன் சிரிக்கவில்லை.

"உண்மையைச் சொன்னாப் போதும்."

"கணக்கு எனக்கு வரும் சார். டெஸ்ட்ல பாஸ் பண்ணியிருக்கேன்."

"வர்றது வேற, வேணும்கிறது வேற. உனக்கு இது வேணுமா?"

அதுவரை அவள் முகத்தில் இருந்த குறும்பு எங்கோ போய்விட்டது. "வேணும் சார்" என்றாள். அந்தச் சொல்லில் ஓர் அவசரம் இருந்தது, ஆசை இல்லை. ஆசைக்கும் அவசரத்துக்கும் வேறுபாடு அறியாதவர் அல்லர் சாம்பசிவன். இரண்டு புள்ளிகள் வைத்தார்.

எழுத்துத் தேர்வில் அவள் ஏழாவதாக வந்திருந்தாள். இஃப்ராவைப் பார்த்து எழுதியிருப்பாள் என்று சொல்லவும் வழியில்லை; இருவரையும் வெவ்வேறு கட்டடங்களில் உட்கார வைத்தவரே அவர்தாம். அப்படியானால் கணக்கு வருகிறது. ஆனால் கணக்கின்மேல் நாட்டமில்லை. நாட்டமில்லாத ஒன்றுக்காக ஒருத்தி நாள்தோறும் மாலை ஐந்து மணி வரை அடைபட்டுக் கிடக்க ஏன் துடிக்கிறாள்? அந்த முடிச்சு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் காலைப் பிரிவு முடிந்த மணி அடித்தபோது, துறையின் மாடி வராந்தாவிலிருந்து அவர் கீழே ஒரு காட்சியைக் கண்டார். மாணவர் கூட்டம் வெளியே வடிந்துகொண்டிருந்தது. ஆஃபியா மட்டும் கூட்டத்துக்கு எதிராக நின்றுகொண்டு தனக்கோடியிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். சாம்பசிவன் இறங்கி வந்து, சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். துறைத் தலைவருக்கு இது அழகா என்று கேட்கலாம். அழகில்லைதான், ஆனால் அங்கிருந்து நன்றாகக் கேட்டது.

"அண்ணா, இந்த ஷெட்டுல ஓரமா உக்காந்துக்கிறேன். அஞ்சு மணி வரைக்கும்தான். யாருக்கும் தெரியாது."

"இன்னா பாப்பா நீ, பேஜார் பண்ணிகினு! நீல நாடாவைப் போட்டுகினு இங்க குந்தினா என் வேலை பூடும். கெளம்பு, கெளம்பு."

"அப்ப நாடாவைக் கழட்டிட்டு உக்காரட்டா?"

"கழட்டினா நீ ஸ்டூடண்டே இல்ல, வெளியாளு. வெளியாள உள்ளயே வுடக் கூடாது."

"அண்ணா, நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

"எங்க வூட்லயும் அத்தத்தான் சொல்லுது. நீ மொதல்ல நட."

ஆஃபியா நடந்தாள். வாயிலுக்கு வெளியே இஃப்ரா காத்திருந்தாள். சற்றுத் தள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் ஜெபினும் இன்னும் இரண்டு பையன்களும் நின்றார்கள். சாம்பசிவனின் பார்வை ஆஃபியாவிலிருந்து ஜெபினுக்கும், ஜெபினிலிருந்து ஆஃபியாவுக்கும் போய் வந்தது. அவன் நிலக்கடலை தின்றுகொண்டிருந்தான். அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காததே அவருக்குச் சந்தேகமாகப் பட்டது.

"அந்தப் பொண்ணு கணக்குக்காக வரல மேடம்" என்று ஆசிரியர் அறையில் கனகவல்லியிடம் சொன்னார். "அஞ்சு மணி வரைக்கும் உள்ள இருக்கறதுக்கு ஒரு சாக்கு வேணும் அவளுக்கு. ஹானர்ஸ் அந்தச் சாக்கு."

"அந்தக் கொசுக்கடி ஷெட்டுல உக்கார யாராவது சாக்குத் தேடுவாங்களா சார்? லவ்வுன்னா பீச்சுக்குப் போவாங்க, கிஷ்கிந்தா பார்க்குக்குப் போவாங்க. சைக்கிள் ஷெட்டுக்கா வருவாங்க?"

"அதுதான் எனக்கும் புரியல. புரியாத ஆளை நான் சேக்கறதா இல்ல."

"அப்ப உங்களுக்குப் புரிஞ்ச பொய்யெல்லாம் பரவாயில்ல, புரியாத பொய்தான் கூடாதா?"

சாம்பசிவன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஏறியது. பத்துப் பெயர்கள். இஃப்ராவின் பெயர் முதலில் இருந்தது. ஆஃபியாவின் பெயர் இல்லை.

திங்கட்கிழமை காலையில் இஃப்ரா அவர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், என் பேரை எடுத்துடுங்க."

"ஏன்?"

"வீட்டுல வேணாம்னு சொல்லிட்டாங்க."

"யார் சொன்னது?"

"அத்தா." அவள் தன் தந்தையைச் சொன்னாள்.

"போன வாரம் வரைக்கும் அவருக்குச் சம்மதமா?"

"சம்மதம் சார்."

"போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நடுவுல என்னம்மா நடந்தது?"

இஃப்ரா தலையைக் குனிந்துகொண்டாள். கண்கள் சிவந்திருந்தன. "நீங்க லிஸ்ட் போட்டீங்க சார்."

தந்தையை ஒரு முறை வந்து பார்க்கச் சொல் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அனுப்பிவிட்டு நெடுநேரம் வெறும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் இடத்தை நிரப்ப ஆள் இருந்தது. பன்னிரண்டாவதாக வந்த உயிர்மூச்சுக்காரன் வராந்தாவிலேயே சுற்றிக்கொண்டிருந்தான். எண்ணிக்கை குறையாது. ஆனால் அவள் இல்லாத அந்த வகுப்பை நினைத்துப் பார்க்கவே அவருக்குக் கசந்தது. வேறு கல்லூரிக்காரன் எவனாவது ஆசை காட்டியிருப்பானோ? பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்களோ? சந்தேகம் பல திசைகளிலும் ஓடியது. தம் பட்டியலின் பக்கம் மட்டும் அது திரும்பவில்லை.

மறுநாளே வந்துவிட்டார் இஃப்ராவின் தந்தை அத்தாவுல்லா. பல்லாவரத்தில் பெல்ட்டும் பர்சும் தைக்கும் தோல் பட்டறை வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டை, தொப்பி; கூடவே பதனிட்ட தோலின் மணம். நாற்காலியை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"நீங்கதான் சாம்பசிவன் சாரா?"

"ஆமாம்."

"ஐடி கார்டு ஏதாச்சும் கீதா? கோச்சுக்காதீங்க சார். போன மாசம் காலேஜ்லர்ந்து வரேன்னு ஒருத்தன் வூட்டாண்ட வந்து கம்ப்யூட்டர் கோர்ஸைத் தலையில கட்டப் பாத்தான்."

இத்தனை ஆண்டுப் பணியில் சாம்பசிவனை யாரும் அடையாள அட்டை கேட்டதில்லை. பையைத் துழாவி எடுத்து நீட்டினார். அத்தாவுல்லா படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல முடி ஜாஸ்தியா கீதே?"

"பழைய படம்."

"அதான் கேட்டேன்." அட்டையைத் திருப்பித் தந்தார். "சரி, சொல்லுங்க. மூணு வருசம் படிச்சா பி.எஸ்ஸி. இந்த ஹானர்ஸைப் படிச்சாலும் பி.எஸ்ஸி.தான். அப்புறம் எதுக்கு இந்த ஜாஸ்திப் பொழுது? எங்க தொழில்ல, ஒரே தோலுக்கு ஒருத்தன் ரெண்டு தபா பாலீஷ் போட்டான்னா, எங்கியோ ஓட்டையை மறைக்கிறான்னு அர்த்தம்."

"இது பாலீஷ் இல்ல பாய். தோலே வேற."

"அப்டின்னு நீங்க சொல்றீங்க."

"வேற யார் சொல்லணும்?"

அத்தாவுல்லா கேள்விகளை அடுக்கினார். வகுப்பு மாடியிலா, கீழேயா? ஜன்னல் எந்தப் பக்கம்? நாள்தோறும் நீங்களே எடுப்பீர்களா, வேறு யாரையாவது அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்களா? ஐந்து மணி என்றால் ஐந்து மணிதானா, ஐந்தேகாலா? சாம்பசிவன் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்குள் எரிச்சல் மூண்டது. அந்த எரிச்சலுக்கு அடியில் வேறொன்றும் இருந்தது: இந்த இடத்தில் தாம் உட்கார்ந்திருந்தால் இதே கேள்விகளை, இதே வரிசையில் கேட்டிருப்போம் என்னும் எண்ணம்.

"வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்க. அப்புறம் இத்தனை கேள்வி எதுக்கு பாய்?"

"யாரு வேணாம்னது?" அத்தாவுல்லா நிமிர்ந்தார். "ரெண்டு பேரா சேந்தா சரின்னு மொதல்லயே சொன்னேன். நீங்க ஒண்ணை வெச்சுகினு ஒண்ணைக் கழட்டி வுட்டுட்டீங்க. அப்புறம் நான் இன்னா பண்றது?"

"ரெண்டு பேரா?"

"எம் பொண்ணும் எந் தங்கச்சி பொண்ணும். ஸ்கூல்லர்ந்தே ஒண்ணாப் போவும், ஒண்ணா வரும். பல்லாவரத்துல ரயில் ஏறும், தாம்பரத்துல எறங்கி பஸ் புடிக்கும். இப்ப எம் பொண்ணு அஞ்சு மணிக்குத் தனியா வரணும், ஆஃபியா ஒண்ணரைக்கே தனியா வரணும். அதுவும் தனி, இதுவும் தனி. அவுங்க அத்தா சவூதியில கீறாரு. நாளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவுருக்கு யாரு பதில் சொல்றது?"

"பொண்ணுங்க மேல நம்பிக்கை இல்லையா?"

"பொண்ணுங்க மேல கீது சார். ஊரு மேலதான் இல்ல. தனியாப் போற பொண்ணை பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் எங்க போறேன்னு கேப்பான். ரயில்ல ஒருத்தன் டைம் இன்னான்னு கேப்பான், அவன் கையிலயே வாட்ச் இருக்கும். வூட்டாண்ட வந்தா தெருவே கூடி ஏன் லேட்டுன்னு கேக்கும். ரெண்டு பேராப் போனா ஒருத்தனும் வாயத் தொறக்கறதில்ல. ஏன்னு என்னியக் கேக்காதீங்க. அப்டித்தான் கீது."

உண்மைதான். ஒரு பெண் தன் படிப்புக்காக மூன்று ரயில் நிலையத் தொலைவு தனியே போய்வர முடியாத ஊரை நாம் நகரம் என்று அழைக்கிறோம். அதற்கு மேம்பாலமும் கட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த வெட்கக்கேட்டுக்குக் காரணமானவர்களை யாரும் நேர்காணலுக்கு அழைத்து, நீ ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை. கேள்வியெல்லாம் பெண்களுக்குத்தான்.

சைக்கிள் கொட்டகையில் கேட்ட பேச்சு சாம்பசிவனுக்கு இப்போதுதான் விளங்கிற்று. தனக்கு இடம் கிடைக்காமல் போனால் இஃப்ராவுக்காகக் காத்திருக்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் ஆஃபியா முன்கூட்டியே தேடி, தனக்கோடி விடுவாரா என்று சோதித்தும் பார்த்திருக்கிறாள். நீல நாடா அதையும் கெடுத்துவிட்டது. இஃப்ரா படிக்க வேண்டுமானால் ஆஃபியாவும் மாணவியாகத்தான் உள்ளே இருந்தாக வேண்டும். வேறு வழியே இல்லை.

விளங்கியதும் அவருக்கு மனம் லேசாகவில்லை. சந்தேகம் புது வடிவம் எடுத்தது. துணைக்கு வருபவள் எத்தனை நாள் தாங்குவாள்? கடினமான முதல் தேற்றத்திலேயே கொட்டாவி விடுவாள். இரண்டாம் மாதம் நின்றுவிடுவாள். அவள் நின்றால் இவளும் நிற்பாள். திட்டம் மூடப்பட ஒருவர் விலகினாலே போதும். இங்கே இருவர் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கிறார்கள்.

அன்று காலைப் பிரிவு முடிவதற்குள் ஆஃபியாவை வரவழைத்தார்.

"இன்டர்வியூல ஏன் இதைச் சொல்லல?"

"சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களா சார்?"

"எடுத்திருக்கமாட்டேன்."

"அதான் சொல்லல."

"இப்பவும் எடுக்க எனக்குத் தைரியமில்ல. துணைக்கு வர்றவ பாதியில சலிச்சுப்போய் நின்னுடுவா."

"ஜெபின் எதுக்கு சார் சேர்றான்?"

"நாட்டு வளர்ச்சிக்காம்."

"கால் சென்டர்ல வேலை கிடைச்சாலுமா? அவன் அண்ணன் அங்கதான் இருக்காரு. அவனையும் கூப்பிட்டுட்டே இருக்காரு."

சாம்பசிவன் மேசையிலிருந்த பட்டியலைக் கவிழ்த்து வைத்தார்.

"சத்யபிரியா?" என்றாள் ஆஃபியா.

"சிறுவயசுக் கனவுன்னா."

"போன வருஷம் ஏர்ஹோஸ்டஸ் ஆகறது சிறுவயசுக் கனவு சார். அதுக்கு முன்னாடி டாக்டர்."

"சரி, அவங்களை விடு. நீ கடைசி வரைக்கும் இருப்பேன்னு நான் எப்படி நம்பறது?"

"என்னை நம்ப வேணாம் சார். எங்க மாமாவை நம்புங்க." அவள் மேசை விளிம்பில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். "எங்க மாமா யாரையும் நம்பமாட்டாரு. ரயில்வே டைம்டேபிளைப் பாத்தாக்கூட ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டுட்டுதான் வருவாரு. பொறந்ததுலருந்தே இப்படித்தானாம், அம்மா சொல்லுவாங்க. கனவு மாறும் சார். நாடுகூட வளந்துடும். எங்க மாமா மாறவே மாட்டாரு. அவர் மாறாத வரைக்கும் எங்களைத் தனியா விடமாட்டாரு. இஃப்ராவோ ஒரு நாளும் வகுப்பை விடமாட்டா. அப்படின்னா நான் எப்படி சார் பாதியில நிக்க முடியும்?"

சாம்பசிவன் மனத்துக்குள் அதை ஒரு முறை சரிபார்த்தார். மூன்று கூற்றுகள், ஒரு முடிவு. ஓட்டை தேடினார்.

"கல்யாணம் பேசினா?"

"அத்தா ஊருக்கு வரணும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. போன மாசம்தான் திரும்பிப் போனாரு."

"காய்ச்சல் வந்தா?"

"ஒரே வீடு, ஒரே ரூம்லதான் தூங்கறோம் சார். வந்தா ரெண்டு பேருக்கும் சேந்துதான் வரும்."

"பாடம் புரியலன்னா?"

"புரியாம உக்காந்திருப்பேன். அதுக்குக் காலேஜ்ல தடை ஒண்ணும் இல்லியே சார்? கடைசி பெஞ்சுல பாதிப் பேர் அதைத்தான் செய்றோம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது; மீசைக்குள்ளேயே அடக்கிக்கொண்டார். பத்து அழகான காரணங்களை எழுதிப் பட்டியல் போட்டிருந்தார். இஃப்ராவுடையதைத் தவிர அவற்றில் எதுவும், நாளைக்கு ஒரு நல்ல வேலையோ வேறொரு கனவோ குறுக்கே வந்தால் நிற்கப் போவதில்லை. இந்த ஒரு காரணம் மட்டும், சொல்வதற்கு அழகில்லாத இந்தக் காரணம் மட்டும், எங்கே தட்டினாலும் கெட்டியாக இருந்தது.

ஆஃபியாவையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர் போய்ச் சொன்னபோது முதல்வர் ஏசுபாதம் ஆச்சரியப்பட்டார். "நீங்களா? அந்தப் பொண்ணு மேல ரெண்டு புள்ளி வெச்சீங்களே!"

"இப்பவும் சந்தேகம் தீரல சார். ஆனா மத்தவங்க மேல இருக்கற சந்தேகம் இதைவிடப் பெரிசாயிடுச்சு."

"என்ன காரணம்னு சொன்னா?"

"படிக்கத்தானாம்" என்றார் சாம்பசிவன்.

வகுப்பு ஜூலையில் தொடங்கிற்று. மாடிக் கோடியறையில் பதினொரு பேர். கீழே மாலைப் பிரிவின் இரைச்சல். முதல் நாளே சாம்பசிவன் பத்து ஆண்டு பேசாதிருந்தவர்போல் பேசினார். கரும்பலகை நிறைந்தது, அழித்தார், மறுபடியும் நிறைந்தது. நிரூபணத்தின் முக்கால் பங்கைக் கடந்து, கடைசித் திருப்பத்தில் நுழையும் நேரத்தில், வராந்தாவில் ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அத்தாவுல்லா நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்தார். உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணினார். பிறகு மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஐந்து மணி.

பாதி வரியில் கையை நிறுத்துவது சாம்பசிவனுக்கு உயிர் போகிற வேலை. ஆயினும் நிறுத்தினார். "மிச்சம் நாளைக்கு."

மாணவர்கள் நோட்டுகளை மூடிக்கொண்டு எழுந்தார்கள். ஆஃபியா எழவில்லை.

"சார், நாலாவது வரியில அந்த எண்ணை எங்கேருந்து கொண்டாந்தீங்க? மேல அது எங்கயுமே இல்லியே?"

இஃப்ரா அவள் கையைக் கிள்ளினாள். "அத்தா வந்து நிக்கிறாரு, வாடி."

சாம்பசிவன் ஆஃபியாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். கேள்வி நல்ல கேள்விதான். மெய்யாகவே கேட்கிறாளா, தம்மைச் சமாதானப்படுத்தக் கேட்கிறாளா? அந்த முகத்திலிருந்து ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"திருப்திதானா பாய்?"

"இன்னிக்கி அஞ்சுக்கு வுட்டீங்க, சரி" என்றார் அத்தாவுல்லா, படியிறங்கிக்கொண்டே. "மொத நாளுன்னா எல்லாரும் கரெக்டாத்தான் இருப்பாங்க. நாளைக்கும் வந்து பாப்பேன்."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சாம்பசிவன் அங்கேயே ஒரு சொற்பொழிவு ஆற்றியிருப்பார். இப்போது அவருக்கு மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கீழே குனிந்து, அந்த மனிதர் காதில் விழும்படி உரக்கச் சொன்னார்:

"கட்டாயம் வாங்க பாய். வராம இருந்துடாதீங்க!"